கடைவாசலில் ஒட்டிய எண்

பி.எஸ்ஸி. (கணிதம்), இரண்டாம் ஆண்டு

தேசப்பற்று வேறு, தேசவெறி வேறு என்று மேடைதோறும் முழங்குகிறோம். இரண்டுக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பலரும் மழுப்பிவிடுகின்றனர். என்னைக் கேட்டால், அந்தக் கோட்டைப் பர்மாவின் கடைவாசல்களில் காட்டுவேன்.

இன்று மியன்மா என வழங்கும் அந்நாட்டில், 2012, 2013ஆம் ஆண்டுகளில் கடைகளிலும் வாடகைக் கார்களிலும் 969 என்னும் எண் பொறித்த ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டன. புத்தரின் பண்புகள் ஒன்பது, தம்மத்தின் பண்புகள் ஆறு, சங்கத்தின் பண்புகள் ஒன்பது என்பது அதன் பொருள். கேட்பதற்கு எவ்வளவு தூய்மை! ஆனால் முஸ்லிம்களின் கடைகளில் காணும் 786க்கு எதிராக நிறுத்தப்பட்ட எண் அது. நம் எண் இருக்கும் கடையில் மட்டும் வாங்கு என்பதே அதன் செய்தி. (எண்களுக்கு இப்படியொரு கதி வருமென்று எங்கள் துறையில் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.)

இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர் விராத்து என்னும் துறவி. மதக் கலவரத்தைத் தூண்டியதற்காக 2003இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2012இல் பொது மன்னிப்பில் வெளிவந்தவர். 2013 மார்ச்சில் மெய்க்டிலா நகரில், ஒரு நகைக்கடையில் மூண்ட வாய்ச்சண்டை ஊரையே எரித்தது. மாண்டவர் 40க்கும் மேல், பெரும்பாலோர் முஸ்லிம்கள். நகைக்கடைச் சண்டை நாள்தோறும் எந்த ஊரில்தான் நடக்கவில்லை? அதற்காக ஊர் எரிவதில்லை. முன்பே பரப்பிய வைக்கோல் அங்கே இருந்தது.

முஸ்லிம்கள் பெருகி நாட்டையே விழுங்கிவிடுவார்கள் என்பதுதான் அந்த வைக்கோல். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எண்ணாமல் விடப்பட்ட ரோஹிங்கியரை மதிப்பிட்டுச் சேர்த்த பின்னும், அவர்கள் நூற்றுக்கு 4 பேர். பௌத்தர் ஏறக்குறைய 88 பேர். ஆயினும் அச்சத்தின் பெயரால் 2015இல் மதமாற்றம், கலப்புத் திருமணம், மகப்பேறு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டங்களே வந்துவிட்டன!

இவற்றினும் கொடியது 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1823ஆம் ஆண்டுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்த இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்றது அது. அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்கியர் இல்லை. என் பாட்டியின் வயதை எங்கள் வீட்டில் இன்றும் புயலையும் பஞ்சத்தையும் வைத்தே கணக்கிடுகிறோம். 1823க்கு முந்திய சான்றிதழை எந்தக் குடிசையில் தேடுவது? படித்தவனும் பணக்காரனும் தாளைக் காட்டித் தப்புவான், கைநாட்டுக்காரன் அந்நியனாவான்.

2017 ஆகஸ்டில் ரோஹிங்கிய ஆயுதக்குழு ஒன்று காவல் சாவடிகளைத் தாக்கியது உண்மை. அதற்கு இராணுவம் அளித்த மறுமொழி, கிராமம் கிராமமாகத் தீ. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினர். வெறுப்பு பரவத் தன் மேடை பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு முயலவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது.

அங்கே நடந்தது நமக்கெதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இந்தியரை இழித்துரைக்கப் பர்மாவில் வழங்கிய சொல் 'கலா'. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் தாக்கப்பட்டபோதும், 1964இல் கடைகள் நாட்டுடைமையாகித் தமிழர் வெறுங்கையோடு கப்பலேறியபோதும் அவர்கள் காதில் விழுந்த சொல் அது. சென்னைப் பர்மா பஜாரை உருவாக்கியவர்கள் அவர்களே. அதே சொல்தான் பின்னர் ரோஹிங்கியர் மேல் வீசப்பட்டது. 'அவங்க கடையில வாங்காதே' என்று நம்மூர்த் தேநீர்க் கடையில் யாரேனும் சொல்லும்போது, வாய்மூடி நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. அந்த இடத்திலேயே, அந்த ஆளிடமே, தவறு என்று சொல்லவேண்டும்.

அங்கும் சொன்னவர்கள் உண்டு. கோ நீ என்னும் முஸ்லிம் வழக்கறிஞர், ஆங் சான் சூச்சி கட்சியின் சட்ட ஆலோசகர், 2017 ஜனவரியில் ரங்கூன் விமான நிலைய வாசலில் பேரனைக் கையில் ஏந்தி நின்றபோது சுடப்பட்டு இறந்தார். கொலையாளியை வெறுங்கையோடு துரத்திய டாக்சி ஓட்டுநர் ஒருவரும் குண்டுக்கு இரையானார். எந்த ஸ்டிக்கரும் அவரை நிறுத்தவில்லை.

2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பறித்த அதே இராணுவம், தெருவில் இறங்கிய பௌத்தப் பர்மிய இளைஞரையும் சுட்டது. விராத்துவை விடுவித்தது, 2023இல் பட்டமும் சூட்டியது. இராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசு, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குவோம் என்று 2021 ஜூனில் அறிவித்தது. காலம் கடந்த ஞானம், ஆயினும் வரவேற்கிறேன். ஓடிவந்த ஆண்டில் காக்ஸ் பஜார் முகாமில் பிறந்த குழந்தைகளுக்கு அப்போது மூன்று வயது நிறைந்திருந்தது.