பளிங்குத் தரையும் படுக்கைப் புண்ணும்

"முதியோர் இல்லமா? அது நம்மவர்க்கு ஆகாது!" மீலாது மேடையிலும் மார்க்கச் சொற்பொழிவிலும் அடிக்கடி கேட்கும் முழக்கம் இது. பெற்றோரை நோக்கிச் 'சீ' என்ற ஒரு சொல்லையும் உதிர்க்கலாகாது எனத் திருமறை கட்டளையிட்டிருக்கையில், அவர்களை அந்நியர் கையில் ஒப்படைப்பது எங்ஙனம் தகும் என்று பேச்சாளர் வினவுகிறார். கூட்டம் தக்பீர் முழங்குகிறது. நாமும் முழங்கியிருக்கிறோம். ஆயின் கூட்டம் கலைந்த மறுநாளே, அதில் அமர்ந்திருந்தோரில் சிலர் திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்துப் பக்கம் ஏதேனும் ஒரு பராமரிப்பு இல்லத்தின் வாசலில் நிற்பதையும் நாம் கண்டிருக்கிறோம். கையில் தூக்குச் சட்டி. தெரிந்த முகம் எதிரே வந்தால் தலை கவிழ்கிறது. "சிநேகிதர் ஒருவரைப் பார்க்க வந்தேன்" என்கிறார். உள்ளே படுத்திருப்பவர் அவரைப் பெற்ற தாய்.

இந்தத் தலைகுனிவைப் பற்றியே எழுதப் புகுந்தோம். வெட்கப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனின் தாய்க்கு எந்தக் கவனிப்பும் போதும் என்று இல்லம் நடத்துவோரில் சிலர் கண்டுகொண்டார்கள்.

பிள்ளைகளைப் பழிப்பது எளிது. பாலக்கரையிலும் தென்னூரிலும் உறையூரிலும் நம்மவர் வாழும் வீடுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு மகன் துபாயில், மற்றவன் சிங்கப்பூரில், மகளோ தன் மாமியாரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் மாப்பிள்ளை வீட்டில். மாடிப்படி செங்குத்து, கழிவறையோ வீட்டின் பின்கோடியில். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தாய், உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படுகிறார். அசைவற்ற அந்த உடலை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உணவு புரையேறாதிருக்க நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்ட வேண்டும். விறைக்கும் கை கால்களை நாள்தோறும் நீட்டி மடக்க வேண்டும். இவையனைத்தையும் ஒரு மருமகள் இரவும் பகலும் தனியே செய்வாளா? மேடையில் முழங்குபவர் ஒரே ஓர் இரவு செய்து பார்த்துவிட்டு மறுபடி மைக்கின் முன் வரட்டும்.

மேலும், பக்கவாதத்தில் இழந்த வலுவின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில்தான் மீள்கிறது. அம்மாதங்களில் பயிற்சி கிடைத்தவர் கைத்தடியுடன் நடந்து ஒளுச் செய்யும் இடம் வரை போகிறார். கிடைக்காதவர் கட்டிலோடு கட்டிலாகிறார். ஆகவே மறுவாழ்வுச் சிகிச்சை இல்லம் என்பது பெற்றோரைத் தள்ளிவிடும் குப்பைமேடு ஆகாது. முறையாக நடந்தால் அது பெற்றோரைத் திருப்பித் தரும் இடம். வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் மருத்துவப் பெண்மணி 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தண்டுவடம் முறிந்தவர்கள் மீண்டும் பிழைப்புத் தேடிப் போகும்வரை பயிற்றுவித்த இடம் அது. அதைக் கண்டவர் எவரும் 'இல்லம்' என்றாலே இழிவு என்று சொல்ல மாட்டார்.

கோளாறு இல்லத்தில் சேர்ப்பதில் இல்லை. எடை போடாமல் சேர்ப்பதில் இருக்கிறது.

நம் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். நம் பெரியம்மா பக்கவாதத்துக்குப் பின் அத்தீவின் பக்கம் ஓர் இல்லத்தில் நான்கு மாதம் இருந்தார். வாசலில் பளிங்குத் தரை. சுவரில் காவிரியின் வண்ணப்படம். நம்மவருக்கென்று கிப்லாத் திசை காட்டும் அம்புக்குறி. 'ஹலால் உணவு தனியே சமைக்கப்படும்' என்ற பலகை. போதாதா? நமக்குப் போதியிருந்தது. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் போனோம். போகும்போதெல்லாம் அவர் தலைவாரி, பவுடர் பூசி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தப்பட்டிருந்தார். போர்வையை நாம் விலக்கவில்லை. ஆண்மகன் எப்படி விலக்குவது என்ற கூச்சம். வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லவோ ஊர் அறிந்துவிடும் என்ற அச்சம்.

அவர் மௌத்தானபோது மையித்தைக் குளிப்பாட்ட வந்த மூதாட்டி, காரியம் முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்தார். இடுப்பின் கீழ் உள்ளங்கையளவு குழி. எலும்பு தெரிந்தது. இரு குதிகால்களிலும் கறுத்த புண். மணிக்கட்டில் துணியால் கட்டிய தழும்பு. "எத்தனையோ மையித்தைக் குளிப்பாட்டிட்டேன் தம்பி. எது வீட்டிலே கெடந்த ஒடம்பு, எது இல்லத்திலேருந்து வந்த ஒடம்புன்னு மொகத்தைப் பாக்காமலே சொல்லிடுவேன்" என்றார். பிறகு, "இதை வெளியே சொல்லக் கூடாதுன்னு மார்க்கம். அதனாலேதான் இவ்வளவு நாளும் யார்கிட்டேயும் சொன்னதில்லே" என்றும் சொன்னார்.

மையித்தில் கண்ட குறையை மறைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அது இறந்தவரின் மானத்தைக் காக்க வந்த சட்டம். படுக்கைப் புண் இறந்தவரின் குறையா? புரட்டிப் படுக்க வைக்காதவரின் குறை அன்றோ! இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவியும், புறம் பேசுதல் குற்றமாகாத ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைத்துள்ளனர். அநீதியை உரியவரிடம் முறையிடுவதும், தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நாம் ஆலிம் அல்லோம். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆலிம்கள் இதை ஆராய்ந்து ஒரு வழி சொல்லட்டும். சொல்லாமலே இருப்பார்களாயின், மார்க்கத்தின் ஒரு நல்லொழுக்கம் கவனக்குறைவுக்குப் போர்வையாகும் கொடுமை தொடரும்.

எடை போடுவது எப்படி? பெரிய கல்வி ஒன்றும் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போகாமல், செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குச் சொல்லாமல் போங்கள். இரவுப் பணியாளர் விடைபெறும் அந்த நேரத்தில் இல்லத்தின் உண்மை முகம் தெரியும். மூக்கு முதலில் சொல்லும். பிறகு குதிகாலைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள், நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா, அன்றி அழகுக்காக அப்பால் மேசைமீது இருக்கிறதா? சேர்த்த அன்று என்ன எடை, இம்மாதம் என்ன எடை என்று கேளுங்கள். குறித்து வைக்காத இல்லம் அங்கேயே தோற்றுவிட்டது. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயாக்கள்? அவர்களுள் ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்தவர் எத்தனை பேர்? சம்பளம் போதாமல் மாதத்துக்கு ஒருவர் மாறும் இடத்தில், எந்தப் பாட்டிக்கு எந்தப் பக்கம் வலி என்று யாருக்குத் தெரியும்? அந்த ஆயாவையும் நாம் சபிப்பதற்கில்லை. முப்பது உடல்களுக்கு நடுவே இரண்டே கைகளோடு அவளை நிறுத்தியவர் கல்லாப்பெட்டியில் அமர்ந்திருக்கிறார். பிசியோதெரபி என்று பில்லில் எழுதியிருக்குமானால், அது நடக்கும் நேரத்தில் ஒருநாள் உடன் நில்லுங்கள். கை காலைத் தடவிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது.

நம்மவர்க்கென்று ஒரு தனி அளவுகோலும் உண்டு. கிப்லா அம்புக்குறியைக் கண்டு மகிழ்ந்தோமே, அத்திசை நோக்கி அவரைத் திருப்பி உட்கார வைப்பவர் யார் என்று கேட்டோமா? பஜ்ரு நேரத்தில் நனைந்த துணியோடு கிடப்பவர் எப்படித் தொழுவார்? தயம்முமுக்கு மண் கொண்டுவந்து வைப்பார் உண்டா? "சுத்தமில்லை தம்பி, தொழுகையை விட்டுட்டேன்" என்று ஒரு முதியவர் சொல்வாராயின் அது அவர் ஈமானின் தளர்ச்சியன்று; அந்த இல்லத்தின் மீதான குற்றப்பத்திரிகை. பெரியம்மாவும் இரண்டாம் மாதத்திலேயே அப்படிச் சொன்னார். வயதின் சோர்வு என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

அமெரிக்காவில் இவ்வகை இல்லங்களுக்கு அரசாங்கமே 2008 டிசம்பர் முதல் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கி வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் சில ஆண்டுகள், எத்தனை ஊழியர் உள்ளனர் என்பதை இல்லங்களே எழுதித்தர, அதையே நம்பி நட்சத்திரம் கொடுத்தார்கள். பின்னர் விழித்துக்கொண்டு, 2016 முதல் சம்பளப் பதிவேட்டையே அனுப்பச் சொன்னார்கள். வியாபாரி தன் தராசில் தானே நிறுத்துச் சொல்லும் எடையை அங்கும் நம்ப முடியவில்லை. இங்கோ வாசற்பலகையே நமக்குச் சான்றிதழ்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்பதே சொல். 'அமைக்க வேண்டும்' என்று சொல்ல அதற்குத் துணிவு வரவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 1997இல் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் வெளிவர 2018 ஆயிற்று. அதிகாரி வருவார், தீயணைப்புக் கருவியை எண்ணுவார், போவார். போர்வையை விலக்கிப் பார்க்கும் கண் எந்தச் சட்டத்துக்கும் கிடையாது.

அக்கண் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை நம் சமுதாயம் நெருப்பில் கண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். ஓட முடியவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஆண்டு பல கழிந்து 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டனர்; அடித்துத் துன்புறுத்தியதாகப் புகார்கள் எழுந்தன; வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. அது வெளிவந்த விதத்தைக் கவனியுங்கள். அங்கே சேர்க்கப்பட்டிருந்த திருப்பூர் முஸ்லிம் முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று, அவருடைய உறவினர் தரப்பில் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கலாயிற்று. ஒருவரைத் தேடி ஒரு குடும்பம் வெட்கப்படாமல் கேள்வி கேட்டது. மற்றவர்களுக்கும் கதவு திறந்தது.

கேள்வி கேட்பது நமக்குப் புதிதா? மதீனத்துப் பள்ளியில் கூடாரம் அடித்துக் காயமுற்றோரைப் பராமரித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களை அண்ணலார் (ஸல்) அக்கூடாரத்தில்தான் சேர்ப்பித்தார்கள். உறவினர் வீடுகள் அருகிலிருக்கவே இது நடந்தது என்பதை மேடைப் பேச்சாளர்கள் நினைவிற்கொள்வார்களாக. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை வக்பு வருவாயில் நடந்தது. ஏழை செல்வர், ஆண் பெண் வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்திருந்தது. கடைத்தெருவின் தராசைச் சோதித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்கு மருத்துவரையும் மருந்து விற்போரையும் சோதிக்கும் பொறுப்பும் இருந்தது. அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. அரிசிக்கு மட்டும் வந்த எச்சரிக்கை என்றா அதை ஓதுகிறோம்?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய நோவு தணிப்புப் பணி, மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களின் இயக்கமாயிற்று. கடைக்காரர், மாணவர், ஆட்டோ ஓட்டுநர் பயிற்சி பெற்று வீடு வீடாகச் செல்கின்றனர். சிறு சிறு நன்கொடைகளே முதல். முஸ்லிம்கள் மிகுந்த மாவட்டம் அது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே கொண்டுவர முனைந்தது. இத்தகைய பணிக்கு உதவியாக எத்தனை ஜமாஅத்துகள் ஒரு பெயர்ப்பட்டியலேனும் தயாரித்துக் கொடுத்தன? நிக்காஹ் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்த வசூல் மூன்றே வாரத்தில் முடிந்துவிடுகிறதே!

திருச்சி ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது சிறிது. புதிய கட்டடம் வேண்டாம். மஹல்லாவுக்கு நான்கு பெண்கள், நான்கு ஆண்கள். அவர்களுள் ஒருவராவது நர்ஸாக வேலை பார்த்தவர். ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் நம்மவர் படுத்திருக்கும் இல்லங்களுக்கு, குடும்பத்தாரின் ஒப்புதலோடு, நேரம் சொல்லாமல் போய்வரட்டும். போர்வையை விலக்கிப் பார்க்கட்டும். கண்டதை ஒரு நோட்டில் எழுதி, மோதினார் அறையில் கேட்பவர் படிக்க வைக்கட்டும். நல்ல இல்லங்களும் உள்ளன. அவற்றின் பெயரும் அந்நோட்டில் ஏறட்டும். கெட்டதோடு சேர்த்து அவற்றையும் பழிக்கும் பாவம் நமக்கு வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் ஓர் ஐயங்கார் மூதாட்டி கிடந்தால் அவர் குதிகாலையும் பார்த்துவிட்டு வரட்டும். அரங்கன் கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி வைத்திருக்கும் ஊர் அது. நம் பெண்களை அங்கே எவரும் அந்நியராய் நினைக்க மாட்டார்.

'இல்லத்தார் உள்ளே விடாவிட்டால்?' என்பார்கள். விடாத இல்லம் எது என்பதுதான் நோட்டின் முதல் வரி.

குளிப்பாட்டும் அந்த மூதாட்டியிடம் அண்மையில் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் அவரை ஜமாஅத் கூட்டம் எதற்கும் இதுவரை எவரும் அழைத்ததில்லையாம். அழைத்தால் வருவீர்களா என்று கேட்டோம். "பொம்பளைங்க உக்கார எடம் இருந்தா வர்றேன்" என்றார்.