அப்பாவோட வெள்ளை டாக்ஸிக்கு க்ளேஸ் வேணுமா?



பைக் மேட்டரையெல்லாம் இந்த வாரம் ஓரமா நிறுத்திட்டு, கையில துணியோட வாங்க. கார் துடைக்கப் போறோம்.

அட்டுவம்பட்டி அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துல படிக்கிற ஒரு தோழி கேட்ட கேள்விதான் காரணம். அப்பா கொடைக்கானல்ல டாக்ஸி ஓட்டுறார். வெள்ளைக் கார். வருஷா வருஷம் ஏப்ரல், மே சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி கடையில விட்டு, மெஷின் வெச்சு ரப்பிங் பாலிஷ் போடுவாராம். அதுக்கே ஆயிரக்கணக்குல செலவு. "க்ளேஸ் போட்டு, அது மேல வாக்ஸ் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க. ஸ்காலர்ஷிப் பணத்துல ரெண்டு டப்பாவும் வாங்கி அப்பாவை அசத்தலாமா?"ன்னு கேக்கறாங்க.

தோழி, ஒரு டப்பா மட்டும் வாங்குங்க. வாக்ஸ் போதும். க்ளேஸ் காசு மிச்சம்! ஏன்னு சொல்றேன்.

இப்போ வர்ற கார்கள்ல பெரும்பாலும் கலர் பெயின்ட்டுக்கு மேல க்ளியர் கோட்னு நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பளபளப்பே அதுலதான். அதோட தடிமன் சுமாரா 40, 50 மைக்ரான்... உங்க தலைமுடி ஒண்ணை விட மெலிசு! தூசி படிஞ்ச காரை, தண்ணி ஊத்தாம பனியன் வேஸ்ட்டால வரட்டு வரட்டுனு துடைச்சா என்ன ஆகும்? மண்துகள் உப்புத்தாள் வேலை பார்க்கும். வெயில்ல நிறுத்திப் பார்த்தா சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கீறல் தெரியும். (எங்க மாமாவோட கறுப்புக் காரை கல்யாணத்தன்னிக்குக் காலையில நான் இப்படித்தான் 'பளபள'ப்பாக்கினேன். அவர் இன்னும் மறக்கலை.)

இந்தக் கீறலை ரெண்டு விதமா சரி பண்ணலாம். ஒண்ணு, ரப்பிங். கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தியிருக்கற பூச்சையே தேய்ச்சு எடுத்து சமன் பண்றது. கீறல் நிஜமாவே போயிடும். கூடவே க்ளியர் கோட்டும் கொஞ்சம் போயிடும். இன்னொண்ணு, க்ளேஸ். இது எதையும் வெட்டி எடுக்காது. இதுல இருக்கற எண்ணெயும் மாவு மாதிரி நைஸான பொடியும் கீறல் பள்ளத்துல போய் உக்காந்துக்கும். வெளிச்சம் சிதறாம திரும்பும். கண்ணுக்கு 'வாவ்'! நம்ம முகத்துக்குப் போடற ஃபவுண்டேஷன் கதைதான். ஆனா நாலைஞ்சு வாஷ்ல கரைஞ்சிடும். மழை, வெயில்ல இருந்து பாதுகாப்பும் பெருசா கிடையாது.

அதனாலதான் அது மேல வாக்ஸ் போட்டு மூடறாங்க. நல்ல வாக்ஸ்ல இருக்கறது கார்னோபா. பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு பனை, வறட்சியில காய்ஞ்சு போகாம இருக்க தன் இலை மேல தானே பூசிக்கற மெழுகு அது. மிட்டாய் மேல மினுமினுன்னு பூசறதும் இதைத்தான். வரிசை முக்கியம்: கழுவு, ஈரம் போகத் துடை, க்ளேஸ், கடைசியா வாக்ஸ். மாத்தி வாக்ஸ் மேல க்ளேஸ் தேய்ச்சா, அது பள்ளத்துக்குள்ள இறங்காது. போட்ட வாக்ஸையும் கலைச்சிடும். 'சீலன்ட்'னு விக்கற செயற்கை ரகம் இன்னும் ரோஷக்காரன். வெறும் பெயின்ட்ல நேரா ஒட்டணும், அடியில க்ளேஸ் எண்ணெய் இருந்தா சரியா பிடிக்காது.

சரி, அப்பா வண்டிக்கு ஏன் க்ளேஸ் வேணாம்? வெள்ளைக் கார்ல அந்த வட்டக் கீறல் கண்ணுக்கே சரியா தெரியாதுங்க! கறுப்பு, மெரூன், கருநீலம்னா க்ளேஸ் மேஜிக் காட்டும். வெள்ளையில போட்டா, போட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நிஜமான கவலை அந்த வருஷாந்தர ரப்பிங்தான். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் காலி. அதுவும் உங்க ஊர் வெயில் ஸ்பெஷல். கொடைக்கானல்ல 1899-லயே சூரியனை ஆராய ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சாங்களே, அது சுமார் 2,340 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏற ஏற புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். குளிருதுன்னு ஸ்வெட்டர் போட்டுக்கறோம், ஆனா காரோட கூரையை வெயில் சத்தமில்லாம அரிச்சுக்கிட்டிருக்கும். மெலிஞ்ச க்ளியர் கோட் ஒரு நாள் தோல் உரியற மாதிரி உரிய ஆரம்பிச்சா, ரப்பிங், க்ளேஸ், வாக்ஸ் எதுவும் காப்பாத்தாது. பெயின்ட் அடிச்சே ஆகணும். அந்தச் செலவுக்கு முன்னாடி பாலிஷ் செலவெல்லாம் தூசு.

ஒரு சின்ன டெஸ்ட்: ஈரத் துணியில துளி பாலிஷ் தொட்டு, கண்ணுல படாத மூலையில லேசா தேய்ங்க. துணியில வெள்ளை ஒட்டினா அந்த வண்டிக்கு க்ளியர் கோட்டே இல்லை; நேரா பெயின்ட்டைத்தான் தேய்ச்சுக்கிட்டிருக்கார். ரப்பிங்கை நிறுத்த அப்பாவுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அப்புறம், சில டிரைவர் அண்ணன்கள் டீசல் துணியால துடைப்பாங்க. பளிச்சுனு இருக்கும், அதுவும் ஒரு ஏழை வீட்டு க்ளேஸ்தான்! ஆனா தூசியை இழுத்து ஒட்ட வெச்சுக்கும், ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும். வேணாம்னு அன்பா சொல்லுங்க.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்களும் காதைக் கொடுங்க. கறுப்புக் கார் சந்தேகப்படற அளவுக்கு மின்னுதா? ஓனர்கிட்ட கேட்டுட்டு, உள்ளங்கை அளவு இடத்தை பாத்திரம் கழுவற லிக்விட் கலந்த தண்ணியால துடைச்சு, செல்போன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. மறைஞ்சிருந்த கீறலெல்லாம் எட்டிப் பார்க்கலாம். அதே லிக்விட் வாக்ஸையும் எடுத்துடும். அதனால அப்பா வண்டிக்கு கார் ஷாம்பூ மட்டும்.

வாக்ஸ் போடறப்போ உங்க ஊர்ல வெயில் ஒரு பிரச்னைன்னா பனி இன்னொரு பிரச்னை. மதியத்துக்கு மேல மேகம் இறங்கி பானெட் வேர்த்துட்டா வாக்ஸ் காயாது, திட்டுத் திட்டா நிக்கும். காலையில பனி விலகினதும், நிழல்ல, தகடு தொட்டா ஜில்லுனும் காய்ஞ்சும் இருக்கறப்போ ஆரம்பிங்க. பைன் பிசின் ஒட்டியிருந்தா சுரண்டாம, முதல்ல வெந்நீர்த் துணியை வெச்சு ஊற விடுங்க. வாக்ஸை மெலிசா பூசுங்க. அப்பளத்துக்கு எண்ணெய் தடவற மாதிரி இல்லை, தோசைக்கல்லைத் துடைக்கற மாதிரி. மங்கலா காய்ஞ்சதும் மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு எடுங்க. சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட், விட்டுப்போன இடத்துக்காக. மூணாவதுக்கு அவசியமே இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதைப் பண்ணினா போதும்.

துணி கை நழுவி ரோட்டுல விழுந்துச்சுன்னா மட்டும், உதறிட்டுத் திரும்பத் துடைக்காதீங்க. வேற துணி எடுங்க. எங்க மாமா சாட்சி!