பாலத்தில் மாண்ட நால்வர் யார் கணக்கில்?

மத்திய அரசாங்க அலுவலகங்களில் இப்போது எட்டாவது சம்பளக் கமிஷனைப் பற்றித்தான் பேச்சு. மாதுங்கா ரயில்வே பட்டறையானாலும் சரி, சர்ச்கேட்டில் உள்ள மேற்கு ரயில்வே தலைமை அலுவலகமானாலும் சரி, சாப்பாட்டு வேளையில் நாலு தமிழர்கள் கூடினால் பழைய சம்பளத்தை எத்தனையால் பெருக்குவார்கள், பாக்கித் தொகை எப்போது கைக்கு வரும் என்றே விசாரித்துக்கொள்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. மும்பையில் வீட்டு வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊருக்கும் பணம் அனுப்புகிற குமாஸ்தாவுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை வருகிற நம்பிக்கை அது.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பரில் அமைக்கப்பட்ட இந்தக் கமிஷனுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 50 லட்சம் ஊழியர்களின் சம்பளத்தை அது நிர்ணயிக்கப் போகிறது. சம்பளக் கமிஷன்களுக்கும் தமிழர்களுக்கும் பழைய உறவு உண்டு. 1946-இல் அமைந்த முதல் கமிஷனின் தலைவர் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்த வரதாச்சாரியார். 1997-இல் அறிக்கை கொடுத்த ஐந்தாவது கமிஷனின் தலைவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ரத்தினவேல் பாண்டியன். ஆனால், அரசாங்கத்தின் வேலையை அன்றாடம் செய்துகொண்டே எந்தக் கமிஷனின் ஏட்டிலும் இடம்பெறாத தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரமும் இதுதான்.

2024 நவம்பர் 2 அன்று கேரளத்தில் ஷோரனூருக்கு அருகே பாரதப்புழை ரயில் பாலத்தில் நான்கு பேர் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி மாண்டார்கள். நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள். தண்டவாளத்தில் கிடக்கும் குப்பையை அள்ளுவது அவர்களுடைய வேலை. பாலத்தில் ஒதுங்க இடமில்லை. ஒருவர் ஆற்றில் விழுந்தார். பாதை ரயில்வேயுடையது, பாலம் ரயில்வேயுடையது, குப்பை ரயில் பயணிகள் போட்டது. ஆனால் அள்ளியவர்கள் ரயில்வே சிப்பந்திகள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். விபத்துக்குப் பிறகு ரயில்வே அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்து, தவறு ஒப்பந்தக்காரருடையது என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். அவரது உடலும் மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 2024 ஜனவரி 22 இரவு வசை ரோட்டுக்கும் நைகாவுக்கும் இடையே சிக்னல் கோளாறைச் சரிசெய்யப் போன மூன்று ரயில்வே ஊழியர்கள் மின்சார ரயில் மோதி இறந்ததை இந்நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். உயிர் போவதில் நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதம் கிடையாது. பேதமெல்லாம் அதற்குப் பிறகுதான். பணியின்போது விபத்தில் இறக்கும் மத்திய அரசாங்க ஊழியரின் குடும்பத்துக்கு, 2016-இல் நிர்ணயித்த விகிதப்படி 25 லட்சம் ரூபாய் கருணைத் தொகை உண்டு. பணிக்கொடை உண்டு. குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கவும் வழி இருக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு என்ன உண்டு? 2024-இல் அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு அந்த எண் 184.17. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 13,81,275 ரூபாய் வரும். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் 15,000 ரூபாய் வாங்கினார் என்பதற்கு ரசீது எங்கே? மஸ்டர் ரோலில் பெயர் ஏறியதா? ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த மேஸ்திரி சாட்சி சொல்வாரா? இந்தக் கேள்விகளிலேயே பாதித் தொகை கரைந்துவிடுகிறது. வேலையைக் கொடுத்த மூல முதலாளியும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறியது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. அதாவது, ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டு ரயில்வே விலகிக்கொள்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் இதைச் சேலத்துக் கிராமத்தில் இருக்கும் குடும்பத்துக்கு யார் எடுத்துச் சொல்வது?

சட்டம் இருந்தும் நடைமுறை இப்படி இருப்பதைக் கண்காணிக்க வேண்டிய இடம் பாராளுமன்றம். அரசாங்க ஊழியரின் சம்பளத்துக்கான பணத்தில் பெரும்பகுதி லோக்சபையின் ஒப்புதல் பெற்ற மானியக் கோரிக்கை வழியாகவே செலவாகிறது. முன்பு ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. அந்த நாட்களில் எம்.பி.க்கள் தங்கள் தொகுதிக்குப் புது ரயில் கேட்பதோடு, லைன்மேன், கேங்மேன் குறைகளையும் எழுப்ப முடிந்தது. 92 ஆண்டு வழக்கத்துக்குப் பிறகு 2017-இல் அது பொது பட்ஜெட்டோடு சேர்க்கப்பட்டது. 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் கூச்சலுக்கு நடுவே அத்தனை இலாகாக்களின் மானியங்களும் விவாதமே இல்லாமல் லோக்சபையில் நிறைவேறின. ஆளுங்கட்சி விவாதத்தை விரும்பவில்லை, எதிர்க்கட்சி சபையை நடக்க விடவில்லை என்று ஒருவரை ஒருவர் குறை கூறிக்கொண்டார்கள். யார் சொல்வது சரியானாலும், கேட்கப்படாமல் போனது ஊழியர் குறைதான்.

விவாதம் நடந்தாலும்கூட ஒப்பந்தத் தொழிலாளி அதில் தென்படுவது அரிது. அவருடைய கூலி சம்பளச் செலவில் சேர்வதில்லை. ஒப்பந்தச் செலவில் அடங்கிவிடுகிறது. ஜல்லி வாங்கிய பணமும் ஆள் கூலியும் காகிதத்தில் ஒரே மாதிரி தெரிகின்றன. 1991-இல் 16 லட்சத்துக்கு மேல் இருந்த ரயில்வே ஊழியர் எண்ணிக்கை இப்போது 12 லட்சம் அளவில் இருக்கிறது. ரயில்களோ கூடியிருக்கின்றன. குறைந்த ஆட்களின் வேலையில் ஒரு பங்கு யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் ஷோரனூர் பாலம் பதில் சொல்லும்.

கேட்டால்தான் கணக்கு வரும் என்பதற்கு 2020 ஓர் உதாரணம். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் லோக்சபையில் கேட்கப்பட்டது. அப்படியொரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா பதில் அளித்தது. கணக்கே இல்லாதபோது நிவாரணம் என்ற கேள்வி எழவில்லை என்றும் சொன்னது. அதே வாரத்தில், ஷ்ராமிக் ரயில்களில் மட்டும் இறந்தவர் எத்தனை பேர் என்று ராஜ்யசபையில் குறிப்பாகக் கேட்டபோது, செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று ரயில்வே மந்திரி கூறினார். கேள்வி பொதுவாக இருந்தால் பதில் கைவிரிப்பாக வருகிறது. எந்த ரயில், எந்தத் தேதி என்று கிடுக்கிப்பிடி போட்டால் எண்ணிக்கை வெளியே வருகிறது. லோக்சபையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 சாதாரணக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறலாம். அவற்றில் ஒன்று இதற்குக் கிடைக்காதா?

1993 முதல் இலாகாவாரியாக நிலைக்குழுக்கள் இயங்கி வருகின்றன. ரயில்வே நிலைக்குழுவில் இரண்டு சபைகளையும் சேர்ந்த 31 எம்.பி.க்கள் உண்டு. சபையில் கூச்சல் என்றாலும் குழு அறையில் அமைதியாக வேலை நடக்கிறது, அதிகாரிகளை நேரில் அழைத்துக் கேட்க முடிகிறது. அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடலாகாது என்று சபை விதி சொல்கிறது. அதிகாரிகள் இதைக் கேடயமாகப் பிடிக்கக்கூடும். ஒரு பாலத்தில் ஒரு நாள் நடந்த விபத்து வேண்டுமானால் அன்றாட நிர்வாகமாக இருக்கட்டும். ஆண்டுதோறும் பாதையில் எத்தனை பேர் சாகிறார்கள், அவர்களில் ஒப்பந்த ஆட்கள் எத்தனை பேர் என்பது கொள்கை விஷயம். டாக்டர் அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012-இல் கொடுத்த அறிக்கையில், 2007-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ரயில்வே ஊழியர் ஏறத்தாழ 1,600 பேர் பணியில் இறந்ததாகச் சொல்லியிருந்தது. இப்படியொரு எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் பாராளுமன்றத்தின் மேஜைக்கு வர வேண்டும். அதில் ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தனி வரிசை இருக்க வேண்டும்.

விசாரணை விஷயத்திலும் ஓட்டை இருக்கிறது. பயணிகள் ரயில் விபத்துக்குள்ளாகிப் பயணிகள் இறந்தால் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரிப்பது கட்டாயம். அவர் ரயில்வேயின் கீழ் வருபவர் அல்ல. சிவில் விமான இலாகாவின் கீழ் இருப்பவர். அதனால் அவருடைய அறிக்கைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் பாதையில் வேலை செய்துகொண்டிருந்தவர்மீது ரயில் மோதினால் அந்தக் கட்டாயம் இல்லை. ரயில்வே தன் செயலைத் தானே விசாரித்துக்கொள்கிறது. எச்சரிக்கை கொடுக்க ஆள் நிறுத்தப்பட்டாரா, வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதா, ரயில் வருவதை முன்கூட்டியே சொல்லும் ‘ரக்‌ஷக்’ கருவி ஒப்பந்தக் கூட்டத்துக்கும் தரப்படுகிறதா என்பதெல்லாம் வெளியார் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வேறு ஒரு கவலையைக் கொண்டுவந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான நல வசதிகளை மூல முதலாளியே செய்து தர வேண்டும் என்று அது விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆட்கள் உள்ள இடங்களுக்கே பொருந்தியது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு 50 ஆக உயர்ந்துவிட்டது. குப்பை அள்ளவும் புல் வெட்டவும் பத்துப் பேரை அனுப்புகிற சின்ன ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை. ஆபத்தோ அந்தப் பத்துப் பேருக்குத்தான் அதிகம். 2020 செப்டம்பரில் இந்த மசோதா எதிர்க்கட்சிகள் வெளியேறியிருந்த சபைகளில் நிறைவேறியது. பேசியிருந்தால் இந்த 50 என்ற எண்ணையாவது யாராவது கேட்டிருக்க மாட்டார்களா?

நிரந்தர ஊழியர் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. 1966 முதல் இயங்கும் கூட்டு ஆலோசனை மன்றத்தில் சங்கங்களுக்கு நாற்காலி இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. அங்கு ஒப்புக்கொள்ளப்படாதது மத்தியஸ்தத்துக்குப் போகலாம். மத்தியஸ்தர் தீர்ப்பையும் அரசாங்கம் ஏற்காவிட்டால் பாராளுமன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. ஆக, சங்கத்தின் கோரிக்கையும் கடைசியில் அதே சபைக்குத்தான் போகிறது. ஒரே தண்டவாளத்தில் வேலை செய்யும் வெளியாளின் பெயரையும் அந்தக் கோரிக்கையில் சேர்த்து எழுதினால் சங்கத்துக்கு நஷ்டம் ஒன்றும் வராது. தனக்குப் போட்டியாக வந்தவன் என்று அவனைப் பார்க்கும் மனப்பான்மை சில அலுவலகங்களில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அது மாற வேண்டும்.

லோக்சபைக்கு எந்தக் குடிமகனும் மனு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எம்.பி. ஒருவர் மேலொப்பம் இட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், கூடவே இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கையெழுத்துடன் இணைக்கப்பட வேண்டும். மும்பைத் தமிழ்ச் சங்கங்களில் ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மனு எழுதுவது அவர்களுக்குக் கை வந்த வேலை. பாதையில் இறந்த ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், எத்தனை குடும்பங்களுக்கு இழப்பீடு முழுவதும் போய்ச் சேர்ந்தது, எத்தனை வழக்கில் ரயில்வே தன் பொறுப்பை ஏற்றது என்று ஆண்டுவாரியாக மூன்று கேள்விகள் எழுதினால் போதும். தமிழ்நாட்டு எம்.பி.க்களில் ஒருவரும் மகாராஷ்டிர எம்.பி.க்களில் ஒருவரும் அதில் கையெழுத்திட்டு, அடுத்த கூட்டத்தொடரிலேயே அதைச் சபை முன் வைக்க வேண்டும்.