செய்தி ஓய்ந்த பிறகு

சின்னாளப்பட்டி என்றால் எல்லோருக்கும் சுங்குடிச் சேலைதான் நினைவுக்கு வரும். ஊரை ஒட்டிய காந்திகிராமத்தில் 1977இல் தேசிய நாடகப் பள்ளி நடத்திய பயிற்சி முகாமை நினைவுகூர்பவர்கள் சிலரே. நெருக்கடிநிலை விலக்கப்பட்ட ஆண்டு அது. சே. இராமானுஜம் முன்னின்ற அம்முகாமில் பங்கேற்ற மு. இராமசுவாமி, மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார்.

நடப்பு நிகழ்வுகளைத் தொட்டால் கலை துண்டறிக்கையாகிவிடும் என்று ஒரு சாரார் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தொடாத கலை வெறும் ஒப்பனை என்கிறது எதிர்த் தரப்பு. எதைப் பேசுவது என்பதோடு இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. எந்த வடிவில் பேசினால் அது மக்களின் குரலாகும் என்ற கேள்வியே முக்கியமானது என்பேன்.

கி.மு. 415இல் யூரிப்பிடீஸின் ‘ட்ராய் நாட்டுப் பெண்கள்’ ஏதென்ஸில் அரங்கேறியது. அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. நாடகம் நிகழ்வதோ பழங்கதையின் ட்ராய் நகரில். ஆனால், வென்றவர்களே அரங்கில் அமர்ந்து, தோற்றவர்களின் அழுகையைக் கேட்க நேர்ந்தது.

அந்த நாடகத்தைத் தழுவித்தான் இராமானுஜம் ‘வெறியாட்டம்’ படைத்தார். நம் பெண்களின் ஒப்பாரியை அதன் உயிராக வைத்தார். ஈழத்தில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இழவு வீட்டில் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்நாடகத்தை விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையாக மட்டும் வந்து சேரும் சாவுகளை, அவரவர் வீட்டுச் சாவாக உணரவைக்கும் வலிமை அவ்வடிவத்துக்கு உண்டு.

அதிகாரம் இத்தகைய கலையை அஞ்சுவதில் வியப்பில்லை. 1989 புத்தாண்டு நாளில் தில்லிக்கு அருகே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். எவரையும் தொந்தரவு செய்யாத கலைக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் தேவையும் இல்லை.

எங்கள் ஊர்த் தெருக்களில் கைத்தறியின் ஓசை தேய்ந்துவருகிறது. நாளிதழ்களுக்கு அது என்றோ பழைய செய்தி. நெசவாளியின் மீது இரக்கம் கோரும் நாடகம் நமக்கு வேண்டாம். சேலை உடுத்துபவர், விலை பேசுபவர், சட்டம் இயற்றுபவர் அனைவரையும் ஒரே முற்றத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யும் நாடகம் வேண்டும். காந்திகிராமம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.