டிசம்பர் எட்டாம் தேதி நாம் எங்கே?

கொடி நாள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? தாலுகா அலுவலகத்திலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ வேலை முடிந்து கிளம்பும்போது ஊழியர் நீட்டும் காகிதக் கொடிதான். "கொடி நாள் சார், ஏதாவது கொடுத்துட்டுப் போங்க" என்கிறார். அவருக்கு மேலிடத்திலிருந்து வசூல் இலக்கு வந்திருக்கிறது. முகம் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை உண்டியலோடு வந்து நின்றால் பையில் சில்லறை தேடுகிறோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம் கொண்ட அந்தக் கொடி சாயங்காலம் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

அந்தப் பணம் எங்கே போகிறது, யாருக்குச் சேர்கிறது என்று நாம் கேட்டதில்லை. நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் தவறு இது.

1949-இல் பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் அமைந்த குழுதான் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள் என்று முடிவு செய்தது. போரில் காயம்பட்டவர்களின் மறுவாழ்வு, பணியில் இருப்பவர்களின் குடும்ப நலன், ஓய்வு பெற்றவர்களின் மறுகுடியமர்வு ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். நாட்டைக் காக்கிறவனின் குடும்பத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்ற எண்ணத்தில்தான் மக்களிடம் கை நீட்டினார்கள். அந்தப் பொறுப்பை நாம் அரசு ஊழியர்களின் தலையிலும் பள்ளிப் பிள்ளைகளின் தலையிலும் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டோம்.

கொடுக்க மனம் இல்லாதவர்கள் என்று நம்மைச் சொல்லிவிட முடியாது. 1962-இல் சீனப் போர் மூண்டபோது தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். 1999-இல் கார்கிலுக்காகத் தெருத்தெருவாக வசூல் நடந்தது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பனிச்சரிவு மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்களை மூடியது. அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். அப்போது பணம் தர முன்வந்தவர்கள் ஏராளம். களத்தில் உயிரிழப்போர், காயமடைவோர் குடும்பங்களுக்கென ஒரு தனி நிதியே அதன் பிறகுதான் உருவானது.

அந்த நிதிக்கு நாம் செய்ததையும் சொல்ல வேண்டும். ராணுவத்துக்கு ஆயுதம் வாங்கத் தினம் ஒரு ரூபாய் கொடுங்கள் என்று அந்த நிதியின் வங்கிக் கணக்கைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நிதி வீரர்களின் குடும்பங்களுக்கானது, ஆயுதத்துக்கு அல்ல என்று ராணுவமே விளக்கம் கொடுத்தது. அதன் பிறகும் ஒவ்வொரு தாக்குதலின்போதும் அதே செய்தியை நாம் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். உண்மையா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கவில்லை.

தேசியக்கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும் நாளில் நாம் எல்லாரும் அங்கே இருக்கிறோம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் யாரும் இல்லை. 2024-இல் 'அமரன்' படம் வந்தபோது மேஜர் முகுந்த் வரதராஜனுக்காகத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வெளியே வந்தபின் நம் மாவட்டத்தில் எத்தனை படைவீரர் விதவைகள் இருக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

சாகாமல் திரும்பி வந்தவர்களை நாம் கவனிப்பதே இல்லை. சாதாரண சிப்பாய் நாற்பது வயதை ஒட்டி, பலர் அதற்கும் முன்பே, ஓய்வு பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் அப்போதுதான் படித்துக்கொண்டிருப்பார்கள். மறுவேலை தேடி அலைகிறவரை ஏடிஎம் வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலும் காவலுக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். பனியிலும் பாலைவனத்திலும் காவல் நின்ற மனிதரை "வாட்ச்மேன்" என்று கூப்பிடுகிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியாது. "மிலிட்டரி கேண்டீன்ல ஒரு பாட்டில் வாங்கித் தாங்களேன்" என்று கேட்க மட்டும் அவரைத் தேடிப் போகிறோம்.

இவர்களிலும் அதிகம் கைவிடப்பட்டவர்கள் ஓய்வூதியம் இல்லாதவர்கள். பதினைந்து ஆண்டுப் பணி முடிந்தால்தான் சிப்பாய்க்கு ஓய்வூதியம். அதற்குமுன் வெளியே வந்தவர்களில் பலர் இன்று தள்ளாத வயதில் இருக்கிறார்கள். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, 65 வயதைக் கடந்து, ஓய்வூதியமும் வேறு வருமானமும் இல்லாதவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு மாத உதவி தருகிறது. 4,000 ரூபாயாக இருந்த அது 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாய் ஆனது. பிள்ளைகளின் கல்விக்கும் மகள் திருமணத்துக்குமான உதவிகளும் அப்போது இரட்டிப்பாயின. இந்த உதவிகள் எல்லாவற்றுக்கும் பணம் வருவது கொடி நாள் நிதியிலிருந்து. நாம் முகம் சுளித்துக் கொடுத்த அந்த ரூபாய்தான் ஒரு கிழவியின் மாத்திரைச் செலவுக்குப் போகிறது என்று தெரிந்திருந்தால் அப்படிக் கொடுத்திருப்போமா?

பணம் இருந்தும் கைக்கு வந்து சேராதவர்கள் உண்டு. கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'மாரியம்மாள்', ஆதாரில் 'மாரியம்மா' என்று இருக்கும். கல்யாணத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போடப்படாததால் மனைவியின் பெயர் ராணுவ ஆவணத்தில் இல்லாமலே போயிருக்கும். விண்ணப்பம் ஆன்லைனில். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள், பழைய ஆட்கள் இன்னும் 'சோல்ஜர் போர்டு' என்று சொல்லும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போய் வருகிறார். அதே தெருவில் ஆசிரியர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு முற்பகல் கூடப் போய் உட்கார நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோயில் கொடை வந்தால் தலைக்கட்டு வரி போட்டு, ஒரு வீடு விடாமல் நோட்டில் எழுதி, வரவு செலவை ஊர் நடுவே வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம். அந்த ஒழுங்கு படைவீரர் குடும்பத்துக்கு மட்டும் ஏன் வாய்க்கவில்லை? அரசு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தோம். அரசு தருகிற உதவியிலும் நம் பங்கு இருக்கிறது என்பதை மறந்தோம். சிலை வைத்தோம், தெருவுக்குப் பெயர் வைத்தோம், அதோடு கடன் தீர்ந்தது என்று நம்பினோம்.

இனியாவது திருத்திக்கொள்வோம். குடியிருப்போர் சங்கமும் இளைஞர் மன்றமும் வணிகர் சங்கமும் தங்கள் ஆண்டு வரவு செலவில் கொடி நாள் நிதிக்கு ஒரு வரி எழுதட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கட்டும். தங்கள் எல்லைக்குள் இருக்கும் முன்னாள் படைவீரர்கள், விதவைகள் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்து, உதவி வந்ததா என்று வருடத்துக்கு இரண்டு முறை கேட்கட்டும். படித்த பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். இதற்குப் போர் மூள வேண்டியதில்லை, பெட்டி வர வேண்டியதில்லை. டிசம்பர் 7 முடிந்த மறுநாள் காலையிலேயே தொடங்கலாம்.