தடைபடும் காணொலி: தவறு எங்கே?

காணொலி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் சிறு வட்டம் சுழலத் தொடங்கினால், பலர் இணையச் சேவை நிறுவனத்தைத்தான் குறை கூறுகின்றனர். சிலர் கூடுதல் கட்டணம் செலுத்தி, வேகமான திட்டத்திற்கு மாறிவிடுகின்றனர். ஆயினும், பல வீடுகளில் தடை வெளியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு எண்களே சான்று. முழு உயர்தெளிவுக் காணொலிக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும் என நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதனினும் உயர்ந்த 4கே தரத்திற்கு 15 மெகாபிட் போதும். 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இவற்றைவிடப் பன்மடங்கு பெரியது. அத்தகைய வீட்டிலும் காணொலி தடைபட்டால், பெரும்பாலும் வேகம் குறைவு என்பதைவிடத் தரவு சீராக வந்து சேரவில்லை என்பதே காரணமாகும்.

கிள்ளான், மேரு வட்டாரத்திலுள்ள வரிசை வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குறுகலாகவும் நீளமாகவும் அமைந்த வீட்டில் ‘ரௌட்டர்’ எனப்படும் திசைவி முன்கூடத்தில் இருக்கும். பிள்ளை படிக்கும் அறையோ பின்புறத்தில் இருக்கும். ‘வைஃபை’ எனப்படும் அருகலை, இடையிலுள்ள செங்கல் சுவர்களைக் கடக்கும்போது வலுவிழக்கிறது. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே உள்ளன. அண்டை வீட்டாரின் திசைவிகளும் அவற்றையே பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை விரைவானது. ஆனால், சுவர்களைத் தாண்டுவதில் பின்தங்கிவிடுகிறது. கம்பிவடத்திற்கு இத்தொல்லைகள் இல்லை. தரமான வடம் 100 மீட்டர் தூரம்வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் தரவைச் சுமந்து செல்லும்.

திரைப்படம் பார்ப்போருக்கு இந்த வேறுபாடு உடனே தெரியாது. அடுத்துவரும் காட்சிகளைக் கருவி முன்கூட்டியே சேமித்து வைப்பதால் சிறு தடங்கல் மறைந்துவிடும். நேரலை வகுப்பு அப்படிப்பட்டதன்று. ஆசிரியர் பேசும் கணத்திலேயே அது வந்து சேர வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் தொடங்கியபோது, வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. பின் அறையில் அமர்ந்த மாணவருக்கு, அறுந்து அறுந்து ஒலித்த விளக்கம் இழந்த பாடமாகவே போனது.

அவ்வாண்டிலேயே நாட்டின் இணைய வசதியை மேம்படுத்த அரசாங்கம் ‘ஜென்டேலா’ திட்டத்தை அறிவித்தது. அத்தகைய திட்டங்கள் வீட்டு வாசல்வரை இணையத்தைக் கொண்டு வரலாம். வாசலிலிருந்து படிப்பு மேசைவரை உள்ள சில மீட்டர் தூரம் குடும்பத்தின் பொறுப்பாகும்.

கம்பிவடம் வீட்டின் அழகைக் கெடுக்கும் எனச் சிலர் கூறுவர். வாடகை வீட்டில் சுவரைத் துளையிட இயலாது என்பதும் உண்மையே. எனினும், சுவரோரமாக நெகிழி உறைக்குள் வடத்தைப் பதித்தால் துளையிடத் தேவையில்லை. கைப்பேசிக்கு அருகலையே ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், இடம் மாறாத தொலைக்காட்சியும் மேசைக் கணினியும் அருகலையை நம்பியிருக்கத் தேவையில்லை. அவை வடத்திற்கு மாறினால், அருகலையில் நெரிசல் குறைந்து கைப்பேசிகளும் பயனடையும்.

எனவே, வேகமான திட்டத்திற்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்து பார்ப்பது நன்று. மடிக்கணினியைத் திசைவியுடன் வடத்தால் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பிறகு, படிக்கும் அறையில் அருகலைவழி அளக்க வேண்டும். முதல் அளவே குறைவாக இருந்தால் சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். இரண்டாவது அளவு மட்டும் குறைந்தால், குறை வீட்டுக்குள் இருக்கிறது. திசைவியின் பின்புறத்தில் வடம் செருகும் துளைகள் வெறுமனே இருக்க, மாதந்தோறும் கூடுதல் கட்டணம் செலுத்துவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதற்கு ஒப்பாகும்.

புதிய வீடுகளைக் கட்டும் மேம்பாட்டாளர்களும் மின்கம்பியைப் போலவே ஒவ்வோர் அறைக்கும் இணைய வடத்தைப் பதித்துத் தர வேண்டும். அதுவரை, வீட்டில் ஒரே ஒரு வடம்தான் போட முடியும் என்றால், அது முதலில் படிப்பவரின் மேசைக்கே செல்ல வேண்டும்.