பியற் வண்டியும் பாடபேதமும்

சென்ற மாசி மாதம், பழைய மோட்டார் வண்டிகளைச் சேகரிப்பதிற் பேரார்வம் கொண்ட கொழும்பு அன்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். கொட்டிலில் நிற்கும் என் தந்தையாரின் பியற் 1100 வண்டியை வலமாக ஒருமுறையும் இடமாக ஒருமுறையும் சுற்றிப் பார்த்தார். மகிழ்ந்தார். பொனற்றைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கியது. "எல்லாம் நன்று, பண்டிதர். இந்தச் செப்புக் குழாயையும் குட்டித் தாங்கியையும் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி மூலத்துக்கு வந்துவிடும்" என்றார்.

மூலம் என்னும் சொல்லை என் முன்னிலையில் அத்துணை எளிதாக எடுத்தாளுதல் ஆபத்து. மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்பவற்றை மாணாக்கருக்குப் போதித்தே வயிறு வளர்ப்பவன் யான். விருந்தினர் என்பதால் அன்று வாளாவிருந்தேன். இன்று மறுமொழி கூறுவேன்.

முதலில் வண்டியைப்பற்றிச் சிறிது. இத்தாலி நாட்டின் தூரின் நகரத்துப் பியற் நிறுவனம் 1953ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் வெளியிட்ட புதிய 1100 என்னும் குடும்ப வண்டி இது. இதனை வகுத்த பொறியியலாளர் பெயர் தாந்தே ஜியாகோசா. இத்தாலியின் மகாகவியின் பெயரை ஒரு பொறியியலாளர் தாங்கியிருந்தார் என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. இதற்கு முந்திய 1100 வண்டிகளுக்குச் செசி என்னும் தனிச்சட்டம் உண்டு. உடல் அதன்மேல் ஏறியிருக்கும். இதற்கோ அஃதில்லை. தகட்டுடலே என்பும் தோலுமாய் நின்று பாரம் தாங்குவது. நான்கு சிலிண்டர்; 1089 கன சென்ரிமீற்றர். முற்கதவும் பிற்கதவும் நடுத்தூண் ஒன்றிலேயே கீல் பூட்டியவை. ஆதலால் முற்கதவு முன்னிருந்து பின்னாகத் திறக்கும். என் அன்னையார் சேலையோடு ஏறி இறங்க இதைப்போல் வசதியான வண்டி பிறகு வரவில்லை என்பார்.

தந்தையார் இதனை 1962இல், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரிடமிருந்து இரண்டாங்கையாக வாங்கினார். மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஆட்சி செலுத்திய யாழ்ப்பாணத்தில் இத்தாலிய வண்டி வாங்குவது ஓரளவு துணிவுதான். ஆங்கில வண்டிகளுக்கு அங்குல அளவு ஸ்பனர். இதற்கு மில்லிமீற்றர் அளவு. அந்த ஸ்பனர்களையும் வைத்தியரிடமே விலை பேசி வாங்கினாராம்.

இனி அச் செப்புக் குழாய். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் இங்கு ஓடிய பழைய வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியவை. அஃது எவ்வாறு இயலும் என இளைஞர் வியக்கக்கூடும். இக்காலத்து எஞ்சின்கள் எரிகலவையைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகின்றன. எங்கள் பியற் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்கும். அந்த மென்மையினால் மண்ணெண்ணெயையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனாற் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் பற்றாது. ஆகவே தந்தையார் ஒரு சிறு தாங்கியிற் காற்போத்தல் பெற்றோலை விட்டு, செப்புக் குழாயால் அதனைக் காபுறேற்றருக்கு இணைத்து, இடையிலே ஒரு திருகுபிடியையும் பூட்டினார். பெற்றோலில் எழுப்பி, எஞ்சின் சூடேறியதும் பிடியைத் திருப்பினால் மண்ணெண்ணெய். நிறுத்துவதற்குச் சற்றுமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்புதல் வேண்டும். மறந்தால் அடுத்த முறை வண்டி எழாது. அந்தத் திருகுபிடியைக் காக்கும் பணி இருபது வயதினனாகிய எனக்குரியது. நள்ளிரவில் வயிற்றுநோவுக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். வண்டிக்குள்ளே பிறந்த பெண்பிள்ளை ஒருத்தி இன்று ஆசிரியை.

1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது வண்டி கொட்டிலிற் கிடந்தது. அடுத்த ஆண்டு மீண்டு வந்து பார்த்தால் கொட்டில் அதன்மேல் விழுந்திருந்தது. சில்லுகள் இல்லை, பற்றரி இல்லை, முகப்புச் சின்னமும் இல்லை. தந்தையார், "கிடக்கட்டும்" என்ற ஒரு சொல்லோடு அமைந்தார். அவர் காலமானபின்னரே யான் அதிற் கைவைத்தேன்.

திருத்த வேலையை முழுவதும் விரித்தல் வேண்டா. கடற்காற்று கதவடிப் பெட்டிகளை அரித்துவிட்டது. உடலே பாரம் தாங்கும் வண்டியாதலின், அவற்றை வெட்டுமுன் உள்ளே குறுக்குக் கம்பிகள் ஒட்டி உடலை நிலைநிறுத்தல் வேண்டும்; இன்றேல் வண்டி வளைந்து கதவுகள் பின் ஒருபோதும் பூட்டா. முதலிற் சென்ற கராஜில் துருவின்மேற் பட்டி பூசி வர்ணம் அடித்துத் தருவதாகக் கூறினர். அடுத்த இடத்தில் யப்பான் எஞ்சின் ஒன்றை மலிவாகப் பூட்டலாம் என்றனர். மூன்றாம் இடத்திலேதான் துருப்பட்ட தகட்டை வெட்டி எறிந்து புதுத்தகடு ஒட்டத் தெரிந்த தம்பி ஒருவர் கிடைத்தார். மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுவதால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தன. அவற்றுக்குப் பம்பாய் கைகொடுத்தது. அங்கே 1954 முதல் இவ்வண்டியைக் கட்டிவந்தனர். அதன் வழித்தோன்றலே பின்னாளிற் பத்மினி எனப் பெயர் பூண்டு அந்நகரத்து வாடகை வண்டியாய் 2023 வரை ஓடியது. தூரின் ஏடு சிதைந்தவிடத்துப் பம்பாய்ப் படியைக்கொண்டு பாடம் திருத்தினேன் என்க. பிரேக்குக் குழாய்களும் தயர்களும் முற்றாகப் புதியவை. பிரேக்கிற் பழமை பேசுதல் கொலைக்கு ஒப்பு.

முகப்புச் சின்னத்துக்குரிய துளைகள் மட்டும் வெறுமையாய் நிற்கின்றன. புதிதாய் வார்த்த சின்னம் விலைக்கு வந்தது, யான் வாங்கவில்லை. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைத்தில. 1894இல் அதனைப் பதிப்பித்த சாமிநாதையர், நானூறு என்னும் தொகை நிரம்புதற்பொருட்டுத் தாமே இரண்டு பாட்டு இயற்றிச் சேர்த்தாரல்லர். அந்த நேர்மையே எனக்கு வழிகாட்டி.

என் கல்லூரி நண்பர் ஒருவர் இவ்விடத்தில் என்னை மடக்கினார். "கம்பராமாயணத்து மிகைப்பாடல்களை ஒதுக்கி வைக்குமாறு கற்பிப்பவர் நீர். அப்படியாயின் அந்தச் செப்புக் குழாய் மிகைப்பாடல் அன்றோ? தந்தை செய்தது என்பதற்காக விதி தளருமோ?" என்றார். கேள்வி கூரியது, பல நாள் உறக்கங் கெடுத்தது. தந்தைபாற் கொண்ட பற்றே என் கண்ணை மறைக்கின்றது என்றால் அதனை முற்றாக மறுக்க என்னால் இயலாது.

ஆயினும் ஒன்று கூறுவேன். இடைச்செருகல் செய்தவன் தன்னை மறைத்துக் கம்பன் பெயரிற் பாடினான், குற்றம் அதுவே. பியற் முகத்தின் உள்ளே யப்பான் எஞ்சினைப் பூட்டுதல் அத்தகையது. துருவின்மேற் பட்டி பூசுதலும் அத்தகையதே. என் தந்தையாரின் குழாயோ தூரினிற் பிறந்ததாகப் பாசாங்கு செய்யவில்லை. அதன் வளைவும், பற்றாசு வைத்த கைத்தழும்பும், திருகுபிடியின் வேற்றுநிறமும் யார், எக்காலத்து, ஏன் செய்தார் என்பதைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. மூலத்தின் ஒரு துளையையும் அது பெருப்பிக்கவில்லை. கழற்றினால் வண்டி பழையபடி இருக்கும். அது மூலத்தின் கீழே தன் எழுத்திலே எழுதப்பட்ட உரை. நச்சினார்க்கினியர் உரையை நீக்கிவிட்டுத் தொல்காப்பியம் தூய்மை பெற்றது என்று எவரேனும் கூறுவரோ?

கொழும்பு அன்பருக்கு இன்னுமொரு செய்தி. உலகப் பழைய ஊர்திச் சங்கங்களின் கூட்டமைப்பு 2013இல் உறுதிசெய்த சாசனத்துக்கு இவ்வண்டி பிறந்த நகரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது: தூரின் சாசனம். பழங்கட்டடங்களைப் பேணுதற்கு 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது அது. புதுக்குவதிலும் பேணுவதே தலையாயது என்பது அதன் போக்கு. தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளோடு ஒரு வண்டியின் வரலாறு முடிந்துவிடுவதில்லை என்பதைத் தூரினார் ஒப்புக்கொள்ளும்போது, நாம் அவர்களினும் தூரினாராக முயல்வது ஏன்?

வேலை செய்த தம்பி மட்டும் இன்னும் இணங்கவில்லை. "ஐயா, உந்தக் குழாய் கிடக்கிறது என்ரை வேலைக்கு மரியாதை இல்லை. நீங்கள் இல்லாத நேரம் பாத்துக் கழட்டிப் போடுவன்" என்கிறார். ஆதலால் எண்ணெய் மாற்றுவதற்கு வண்டியை விடும் நாள்களில், கராஜ் வாசலில் ஒரு கதிரை போட்டு, கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகின்றேன்.